கிழவி குமரியானாள், ராஜா கிழவரானார்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். சாமி இங்கே உடும்பு வாலின் வடிவத்தில் லிங்கமாக இருக்கிறார். எலும்பு தேய்ந்தவர்களும் மூட்டு பிடித்தவர்களும் குழித்தறியில் உட்கார்ந்தே முட்டியைத் தொலைத்தவர்களும் வந்து, சம்பந்தர் பாடிய பதிகத்தைச் சொல்லிக் கும்பிட்டுப் போவார்கள். சம்பந்தரோ 16 வயதில் கல்யாணக் கோலத்தோடு ஜோதியில் கலந்துவிட்டவர். முட்டிவலி எந்தப் பக்கம் வரும் என்றே தெரியாத பிள்ளையின் பாட்டுதான் ஊர்ப் பெரிசுகளுக்கு மருந்து. முதுமையைப் பற்றி அடித்துப் பேசியவர்கள் பெரும்பாலும் இந்த ரகம்தான். ஒன்று, அது தனக்கு இன்னும் வராதவர். இல்லை, தனக்கு மட்டும் வந்துவிட்டதாக நினைப்பவர்.

இரண்டாவது ரகத்துக்கு உதாரணம் வேண்டுமானால் காஞ்சியிலேயே கதை கிடக்கிறது. திருவெஃகாவில் திருமழிசை ஆழ்வார் யோகத்தில் உட்கார்ந்திருந்த காலம். ஒரு கிழவி தினமும் வந்து அந்த இடத்தைப் பெருக்கி, மெழுகி, கோலம் போட்டுவிட்டுப் போவாள். ஒருநாள் ஆழ்வார் கண்ணைத் திறந்தார்.

"என்னம்மா வேணும் உனக்கு?"

"இடுப்பு வளைய மாட்டேங்குது சாமி. வயசு திரும்பினா இன்னும் கொஞ்ச நாள் பெருக்குவேன்."

பென்ஷன் கேட்கவில்லை, வேலை பார்க்க இளமை கேட்டாள். இப்படி ஓர் ஊழியர் எந்த ஆபீஸிலும் கிடைக்க மாட்டார். ஆழ்வாரும் கொடுத்துவிட்டார். ஓயாமல் ஏதாவது செய்துகொண்டிருக்கிற கிழவர்களே நிம்மதியாக மூப்படைகிறார்கள் என்று 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் ராபர்ட் ஹேவிகர்ஸ்ட் சொன்னாரே, அந்தக் கட்சியின் முதல் உறுப்பினர் எங்கள் காஞ்சிக் கிழவி.

இளமை வந்ததும் விளக்குமாறு என்ன ஆனது என்று கதை சொல்லவில்லை. அந்த வழியாக வந்த பல்லவ ராஜா, அழகான பெண்ணைக் கண்டதும் தேரை நிறுத்துகிற ரகம். அங்கேயே கல்யாணம் நிச்சயமாயிற்று. கொஞ்ச காலம் எல்லாம் சுகம். அப்புறம்தான் கண்ணாடி பேச ஆரம்பித்தது. ராஜாவுக்குக் காதோரம் நரை, பிறகு முன்வழுக்கை, பிறகு பல். பக்கத்தில் ராணி, கல்யாணத்தன்று இருந்தபடியே. தனியாக மூப்படைந்திருந்தால் மனுஷர் கண்டுகொண்டிருக்கவே மாட்டார்.

இந்த ராஜாவின் தர்பாருக்கு நம் காலத்து அறிஞர்களை அழைத்திருந்தால் என்ன நடந்திருக்கும்?

முதலில் ஆகஸ்ட் வைஸ்மன் என்ற ஜெர்மானியர். 1880களில் அவர் சொன்னது: தேய்ந்துபோன கிழங்கள் இனத்துக்குப் பிரயோஜனமில்லை, இளசுகளின் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன, அதனால்தான் சாவு என்ற ஏற்பாடு. சொன்னவர் 80 வயது வரை இடத்தைக் காலி செய்யவில்லை. அடுத்து ஜார்ஜ் வில்லியம்ஸ், 1957. வாலிபத்தில் கைகொடுக்கிற மரபணுவே பின்னால் கழுத்தை அறுக்கும் என்பது அவர் கட்சி. தேரை நிறுத்திய குணம்தான் இப்போது ராஜாவைத் தூங்கவிடாமல் அடிக்கிறது என்பதால், இவரை மந்திரிகள் சட்டென்று வெளியே அனுப்பியிருப்பார்கள்.

ராஜாவுக்குப் புரிகிற பாஷையில் பேசக்கூடியவர் தாமஸ் கிர்க்வுட் ஒருவர்தான். 1977இல் அவர் சொன்னதை அரண்மனைக் கணக்கில் போடலாம். கஜானாவில் இருப்பது கொஞ்சம் காசு. வாரிசுகளைப் பெறவும் வளர்க்கவும் அதில் பெரும்பங்கு போய்விட்டால், கூரை ஒழுகுவதை முழுசாகச் சரிசெய்ய மிச்சம் இருக்காது. ஒழுகட்டுமே, எப்படியும் நாளைக்குச் சாளுக்கியன் வந்து இடிக்கப்போகிற கூரைதானே? பசி, புலி, காய்ச்சல் ஏதாவது ஒன்று முன்னாலேயே தூக்கிக்கொண்டு போய்விடும் உலகில், உடம்பை நூறு வருஷத்துக்குப் பழுதுபார்ப்பது வீண் செலவு. இயற்கை அந்தச் செலவைச் செய்யவில்லை. நாமோ புலியை விரட்டிவிட்டு, ஒழுகும் கூரையின் கீழே உட்கார்ந்து குறைப்பட்டுக்கொண்டிருக்கிறோம்.

லேகியம் விற்கிறவர் இல்லாமல் தர்பார் நிறையாது. பிரவுன் செகார் 1889இல் பாரிஸில், தன் 72ஆவது வயதில், நாயின் விதையையும் கினிப் பன்றியின் விதையையும் அரைத்துச் சாறெடுத்துத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டார். வாலிபம் திரும்பியதாகச் சபையில் அறிவித்தார். ஐந்து வருஷத்தில் போய்ச் சேர்ந்தார்.

கடைசியாக 1961இல் எலெய்ன் கம்மிங், வில்லியம் ஹென்றி என்ற இருவர் வந்து, மூப்பு வந்தால் மனிதர் ஊரைவிட்டு மெல்ல ஒதுங்குவார், ஊரும் அவரை ஒதுக்கும், இரண்டு பக்கத்துக்கும் அதுதான் நல்லது என்றார்கள். நம்மூரில் இதற்கு வானப்பிரஸ்தம் என்று பெயர் வைத்து வெகு காலம் ஆகிறது. நரை கண்ட ராஜா காட்டுக்குப் போக வேண்டும். பல்லவர் யோசித்தார். காட்டுக்குப் போகத்தான் வேண்டுமென்றால் வேறு யாரையாவது அனுப்பலாமே?

அகப்பட்டவர் கணிகண்ணன், ஆழ்வாரின் சீடர். "உம்ம குருவைக் கூட்டிவந்து எனக்கும் வயசைத் திருப்பச் சொல்லும்" என்றார் ராஜா. "அவர் யார் வாசலுக்கும் வரமாட்டார், மகாராஜா." "அப்படியானால் நீராவது என்மேல் ஒரு பாட்டுப் பாடும்." "மனுஷரைப் பாடுவதில்லை." இளமையும் இல்லை, புகழ்ச்சியும் இல்லை. கிழவருக்குக் கோபம் தலைக்கேறி, ஊரைவிட்டுப் போ என்றார்.

கணிகண்ணன் கிளம்பினார். சிஷ்யன் போனால் எனக்கென்ன வேலை என்று ஆழ்வாரும் எழுந்தார். போகிறபோது சும்மா போகாமல், படுத்திருந்த பெருமாளிடம் விஷயத்தைச் சொல்லி, பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பச் சொன்னார். பெருமாளும் மறுபேச்சில்லாமல் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். இதுவரை எந்தப் பக்தனும் சாமியை இப்படி வேலை வாங்கியதில்லை. மூவரும் ஓர் இரவு தங்கிய இடம்தான் மாகறல் போகும் வழியில் இருக்கிற ஓரிக்கை என்பார்கள்.

காஞ்சி இருண்டது. ராஜா அலறியடித்துக்கொண்டு ஓடிவந்து காலில் விழுந்தார். சீடர் திரும்பினார், குரு திரும்பினார், பெருமாளும் திரும்பிப் பாயை விரித்தார். போன அவசரமோ வந்த அவசரமோ, வழக்கமான பக்கம் மாறிப் படுத்துவிட்டார். சொன்னவண்ணம் செய்த பெருமாள் இன்றைக்கும் திருவெஃகாவில் அப்படித்தான் சேவை சாதிக்கிறார். ராஜா கேட்ட இளமையைப் பற்றி அதற்கப்புறம் யாரும் வாயைத் திறக்கவில்லை. மூவரையும் திரும்ப அழைத்த சந்தோஷத்தில், எதற்காகச் சண்டை ஆரம்பித்தது என்பதையே அவர் மறந்திருக்கலாம். அந்த வயசில் அது சகஜம்.