எந்தப் பலகாரத்துக்கு விளம்பரம்?

பலகார வியாபாரி, கிள்ளான்
கேள்வி: தீபாவளிக்கு ஆறு வகைப் பலகாரம் போடுகிறேன். விளம்பரத்துக்கு ஐந்நூறு வெள்ளிதான் இருக்கிறது. ஆறுக்கும் சமமாகப் பிரித்துவிடலாமா?

பதில்: கூடாது. போன வருட விற்பனையை எக்செல்லில் ஏற்றுங்கள். முதலில் பலகாரத்தின் பெயர், பக்கத்தில் தொகை. பெரிய தொகை மேலே வரும்படி அடுக்குங்கள். முறுக்கு 4,200, அச்சு முறுக்கு 2,600, நெய்யுருண்டை 1,500, ஓமப்பொடி 900, சிப்பி 500, அதிரசம் 300 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10,000 வெள்ளி. மேலிருந்து கூட்டிக்கொண்டே வந்து, ஒவ்வொரு படியும் மொத்தத்தில் எத்தனை விழுக்காடு என்று மூன்றாவதாகப் போடுங்கள்: 42, 68, 83, 92, 97, 100. முதல் மூன்று பலகாரமே 83 விழுக்காடு கொண்டுவந்திருக்கிறது. ஒன்று கவனம்: கூட்டல் தொடங்கும் கட்டத்தை டாலர் குறி போட்டுப் பூட்டுங்கள். பூட்டாமல் கீழே இழுத்தால் தொடக்கமும் சேர்ந்து இறங்கிவிடும், கணக்கு பாழ்.

பிறகு விற்பனையை எடுத்துவிட்டு லாபத்தை வைத்து இதையே மறுபடி செய்யுங்கள். நெய் விலையும் உருட்டுகிறவர் கூலியும் போனபின் நெய்யுருண்டை மூன்றாம் இடத்தில் நிற்கிறதா பாருங்கள். ஐந்நூறு வெள்ளியை எங்கே போடுவது என்பதை இந்த இரண்டாவது பட்டியல்தான் சொல்ல வேண்டும்.

கல்லூரி மாணவி, ஷா ஆலம்
கேள்வி: எண்பது விழுக்காடு பணம் இருபது விழுக்காடு பொருளிலிருந்தே வரும், ‘எண்பதுக்கு இருபது’ என்கிறார்களே, அது விதியா?

பதில்: இல்லை. மேலே உள்ள கணக்கில் பாதிப் பலகாரம் சேர்ந்துதான் 83 தந்தது. இத்தாலியப் பொருளியலாளர் வில்பிரடோ பரேட்டோ (1848–1923) ஆராய்ந்தது, செல்வம் சிலர் கையில் குவிந்து கிடப்பதை. அதைத் தொழிற்சாலைக் குறைபாடுகளுக்குப் பொருத்தி, பரேட்டோ பெயரையே சூட்டியவர் தர மேலாண்மை வல்லுநர் ஜோசப் ஜூரன். எண்பதும் இருபதும் சேர்ந்து நூறாக வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒன்று பணத்தின் பங்கு, மற்றது பொருள்களின் பங்கு. 70க்குப் பத்தும் வரலாம்.

சேலைக் கடை, தெங்கு கிளானா சாலை
கேள்வி: டிக்டாக் வீடியோவுக்கு லைக் குவிகிறது. வானொலி விளம்பரத்தை நிறுத்திவிடலாமா?

பதில்: லைக்கை வைத்து முடிவெடுக்காதீர்கள். கல்லாவில் பணம் கட்டுகிற ஒவ்வொருவரிடமும் கடை எப்படித் தெரிய வந்தது என்று கேட்டு, பில் தொகையோடு ஒரு மாதம் எழுதிவாருங்கள். அடுக்கிப் பார்த்தால் வழி தெரியும். “அக்கா சொன்னாங்க” என்று ஒருவர் சொன்னால், அந்த அக்கா வானொலியில் கேட்டிருக்கவும் கூடும். அதனால் அடியோடு நிறுத்தாமல் இரண்டு வாரம் இடைவெளி விட்டு, கல்லாவைப் பார்த்து முடிவெடுங்கள்.

மளிகைக் கடை, பிரிக்பீல்ட்ஸ்
கேள்வி: பட்டியலின் அடியில் கிடக்கும் சாமான்களை எடுத்துவிடலாம் என்கிறான் மகன். சரியா?

பதில்: அவசரப்பட வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். வெற்றிலையும் சூடமும் மஞ்சள் கயிறும் எந்தக் கடையிலும் பட்டியலின் அடியில்தான் கிடக்கும். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெற்றிலைக்கென்று வருகிறவர் அரிசியும் பருப்பும் சேர்த்துத்தானே தூக்கிப் போகிறார்? வெற்றிலை இல்லை என்றால் அந்த அரிசி எதிர்க்கடைக்குப் போகும். பொருளை மட்டும் பார்க்கும் பட்டியலுக்கு இது தெரியாது. பில் எண் வாரியாகப் பிவட் டேபிள் போட்டு, வெற்றிலை இருக்கிற பில்களின் சராசரித் தொகையையும் இல்லாதவற்றின் சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தனியாகவும் விற்காமல், பெரிய பில்லிலும் சேராமல் தூசி படியும் சாமான் இருந்தால் அதை எடுக்கலாம். தம்பி அங்கே கை வைக்கட்டும்.

கணக்கர், பெட்டாலிங் ஜெயா
கேள்வி: 2023 அக்டோபரையும் 2025 அக்டோபரையும் ஒப்பிட்டால் பட்டியலே தலைகீழாக மாறுகிறது. ஏன்?

பதில்: தீபாவளி நகர்ந்துவிட்டது. 2023இல் நவம்பர் 12. 2024இல் அக்டோபர் 31. 2025இல் அக்டோபர் 20. முதலாவது அக்டோபர் முழுக்கப் பண்டிகை வியாபாரம். கடைசி அக்டோபரில் பதினோரு நாள் பண்டிகை முடிந்த வெறிச்சோடல். மாதத்தை விடுங்கள். தீபாவளித் தேதியிலிருந்து பில் தேதியைக் கழித்து ஏழால் வகுத்தால் ‘இத்தனை வாரம் முன்பு’ என்று கிடைக்கும். அதை வைத்து ஒப்பிடுங்கள்.

பூக்கடை, பிரிக்பீல்ட்ஸ்
கேள்வி: எனக்கு எக்செல் தெரியாது. கோடு போட்ட நோட்டுதான்.

பதில்: நோட்டே போதும். பத்துப் பதினைந்து வகை மாலைக்குக் கால்குலேட்டர் தாங்கும். பிள்ளைகள் யாராவது கணினியில் ஏற்றினால், எக்செல் 2016 முதல் பரேட்டோ வரைபடம் தயாராகவே இருக்கிறது; அதுவே அடுக்கிக் கோடும் போட்டுவிடும்.

கேட்டரிங் நடத்துபவர், கிள்ளான்
கேள்வி: ஒரே கம்பெனியின் ஆர்டர் என் வருமானத்தில் எண்பது விழுக்காடு. அவர்களையே நன்றாகக் கவனித்தால் போதும்தானே?

பதில்: நன்றாகக் கவனியுங்கள்; ஆனால் போதாது. அந்த ஒரு கையெழுத்து நின்றால் சமையல்காரர் சம்பளமும் நிற்கும். அவர்கள் எத்தனை நாளில் பணம் கட்டுகிறார்கள் என்பதையும் பட்டியலில் எழுதுங்கள். விளம்பரப் பணத்தை அவர்களுக்காகச் செலவழிக்க வேண்டாம், அவர்கள் ஏற்கெனவே உங்களுடையவர்கள். இரண்டாம் மூன்றாம் இடத்தில் இருப்பவர்களுக்கு இந்த வாரமே போன் போடுங்கள்.