மனங்களை மாற்றுவது எப்படி? திருகோணமலைக்கான கையேடு

முதலில் நுளம்பை மறந்துவிடுங்கள். அது பூச்சியியல்காரரின் வேலை. பெரிய டெங்கு ஆய்வுத் திட்டமொன்றில் நடத்தை விஞ்ஞானத்துக்கு உங்களைத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள் என்றால், உங்கள் பொறுப்பு மனித மனம். அதிலும் கிண்ணியா, மூதூர் பக்கத்து மனம். கொழும்பு அதிகாரிகளின் மனத்தை ஆராய யாரும் நிதி தருவதில்லை.

முன்னுரைக்கு அலையத் தேவையில்லை. 2017 தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு பல உயிர்களைப் பறித்தது, பாடசாலைகளையும் மூடவைத்தது. அந்த ஆண்டு நாடு முழுவதும் பதிவான நோயாளர் 186,101 பேர். இந்த எண்ணைப் போட்ட கையோடு, ‘மக்களிடம் விழிப்புணர்வு போதாது’ என்று எழுதிவிடுங்கள். முதல் வசனத்திலிருந்து இரண்டாவது எப்படி வந்தது என்று நிதி தருபவர் கேட்கமாட்டார்.

அடுத்தது வினாக்கொத்து. அறிவு, மனப்பாங்கு, நடைமுறை என்று மூன்று பகுதி. டெங்கு எதனால் வருகிறது? நுளம்பால். எங்கே முட்டையிடும்? தேங்கிய நல்ல தண்ணீரில். மூன்றாம் வகுப்புப் பிள்ளையே ஒப்புவிக்கும். வாரத்துக்கு ஒருதரம் தாங்கியைத் தேய்த்துக் கழுவுவீர்களா? “ஓம்.” சரி போடுங்கள். வீட்டுக்குப் பின்னால் போய்த் தாங்கியை எட்டிப் பார்க்கும் ஆர்வக்கோளாறு உங்கள் குழுவில் யாருக்காவது இருந்தால், அவரைத் தரவு பதியும் அறைக்கு மாற்றுங்கள்.

சில வீடுகளில் சங்கடம் வரும். “மகள், பைப்புல தண்ணி எப்ப வரும் எண்ட கேள்வி இதுல இல்லியா?” என்று ஒரு உம்மா கேட்பார். ‘வேறு’ என்ற கட்டத்தில் அடையாளமிட்டு எழுந்துவிடுங்கள். ஏனென்றால் அவர் சொல்வதைக் கேட்டால் திட்டம் சாய்ந்துவிடும். ஈடிஸ் நுளம்பின் முட்டை தாங்கிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தண்ணீர் பட்டால் ஒரு வாரமளவில் நுளம்பாகப் பறக்கும். எனவே முழுத் தாங்கியையும் வெறுமையாக்கிச் சுவரைத் தேய்க்க வேண்டும். நாளைக்குத் தண்ணீர் வருமோ என்று தெரியாத வீட்டில் இதை யார் செய்வார்? அந்த உம்மாவின் கணக்கில் பிழையே இல்லை. ஆனாலும் ‘மனப்பாங்குத் தடை’ என்றே குறியிடுங்கள். ‘குழாய்நீர்’ என்று குறியிட்டால் விடயம் பொறியியலாளரிடம் போய்விடும். பிறகு உங்கள் பிரிவு எதற்கு?

இனிக் காலம். இதுதான் தொழில் இரகசியம். முதல் அளவீட்டை வடகீழ்ப் பருவமழை கொட்டி ஓய்ந்த ஜனவரியில் எடுங்கள். இறுதி அளவீட்டை யூலையில் வையுங்கள். அப்போது சிரட்டை, டயர், கூரைப்பீலி எல்லாம் வெயிலில் வறண்டு கிடக்கும். குடம்பி குறைந்திருக்கும், வரைபு அழகாக இறங்கும். சூரியன் செய்த வேலைக்கு உங்கள் வீதி நாடகத்தின் பெயரைப் போடலாம். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கிராமத்தை மட்டும் சேர்த்துவிடாதீர்கள். அங்கேயும் குறைந்திருந்தால் மானம் போய்விடும்.

நிக்கரகுவாவிலும் மெக்சிக்கோவிலும் சிலருக்கு இந்தச் சூட்சுமம் தெரியவில்லை. ‘காமினோ வேர்டே’ என்ற ஆய்வில் 150 பகுதிகளை எடுத்து, பாதியைத் தலையிடாமல் விட்டுவைத்தார்கள். மற்றப் பாதியில் அந்த ஊர்த் தரவையே ஊராரிடம் கொடுத்து, என்ன செய்வதென்று அவர்களையே தீர்மானிக்கவிட்டார்கள். பிள்ளைகளின் உமிழ்நீரைச் சோதித்தபோது தொற்று ஏறத்தாழ 30 வீதம் குறைந்திருந்தது. ஆய்வு 2015இல் வெளியானது. உசாத்துணையில் சேருங்கள், பாராட்டுங்கள், பின்பற்றாதீர்கள். ஊரார் தீர்மானிக்கத் தொடங்கினால் முதலில் உங்கள் வாகனத்தைத் தண்ணீர் பவுசராக மாற்றச் சொல்வார்கள்.

மலேரியாப் பேச்சையும் தவிர்த்துவிடுங்கள். யுத்தத்துக்குள்ளும் வீடு வீடாகக் காய்ச்சல்காரரைத் தேடிப் போய், 2012க்குப் பிறகு உள்ளூர்த் தொற்றே இல்லாமல் செய்து, 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழையும் வாங்கிய நாடு இது. அந்தக் காலத்து உத்தியோகத்தர் யாராவது கூட்டத்தில் எழும்பினால் தேநீர் இடைவேளையை அறிவித்துவிடுங்கள்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் (பி.எச்.ஐ.) குடும்பநல மாதுவுக்கும் எந்த வீட்டில் எத்தனை தாங்கி, எதற்கு மூடியில்லை என்பதெல்லாம் மனப்பாடம். ஆகவே நிலாவெளியில் நீங்கள் வைக்கும் செயலமர்வில் அவர்களைப் ‘பங்குபற்றுநர்’ வரிசையில் இருத்துங்கள். வளவாளர் வெளியிலிருந்து வரட்டும், திமிங்கிலம் பார்க்கும் பருவமாயிருந்தால் கட்டாயம் வருவார்.

முடிவாக, ஒவ்வொரு தாங்கியிலும் மும்மொழி ஸ்ரிக்கர் ஒட்டுங்கள். மூடி கொடுப்பதைவிட மலிவு. நனைந்தாலும் உரியாத ரகமாகப் பாருங்கள், இரண்டாம் கட்டத்தில் எண்ணப்போவது அதைத்தான்.