பாத்துக் குடுங்க

வா மருமவனே. செருப்பைக் கழட்டி வெச்சிட்டு உள்ள வா. அடுப்படிக் குழாய் மூணு நாளா சொட்டுது. நீ அதைப் பாத்துக்கிட்டே இரு, நான் பேசிக்கிட்டே இருக்கேன். ஆளுக்கொரு வேலை.

ஃபேக்டரி வேலையை விட்டுட்டியாமே? உங்கம்மா நேத்து ராத்திரி போன் போட்டு ஒரே அழுகை. "மாசமானா சம்பளம் வந்துக்கிட்டிருந்துச்சு அண்ணே, இப்ப சொந்தமா பைப்பு வேலை பாக்கப் போறானாம்"னா. நானும் ஆறுதல் சொன்னேன்: "அழாத தங்கச்சி, அவனுக்குத் தண்ணியில கண்டம்னு ஜாதகத்துலயே இருக்கு."

அது என்ன சட்டை? முதுகுல கம்பெனி பேரு, நெஞ்சுல போன் நம்பரு. கார்டு ஆயிரம் அடிச்சிருக்கியாமே. குடு பாப்போம். மேனேஜிங் டைரக்டர்! ஆளு ஒருத்தன், மோட்டார் சைக்கிள் ஒண்ணு. யாரைப்பா மேனேஜ் பண்ற, மோட்டாரையா? சரி, ஒண்ணு குடுத்துட்டுப் போ. இந்த மேசை ஆடிக்கிட்டே இருக்கு, காலுக்கு அடியில சொருகலாம்.

ஏய், ஏய்! ஸ்பேனரை வெக்கறதுக்கு முன்னாடி தண்ணிய மூடினியா? எங்க மூடணும்னு என்னைக் கேக்கிறான் பாரு மேனேஜிங் டைரக்டரு. கேட்டுக்கு வெளிய, மீட்டரு பக்கத்துல. எந்த வீட்டுக்குப் போனாலும் மொதக் கேள்வி எங்க ஒழுகுதுன்னு இல்ல, எங்க மூடணும்னு. வீட்டுக்காரருக்குத் தெரியாது. முப்பது வருஷமா அதே வீட்டுல இருப்பாரு, வால்வு மேல பூந்தொட்டியத் தூக்கி வெச்சிருப்பாரு. மெதுவாத் திருப்பு. பழைய வால்வு கையோட வந்துச்சுன்னா, அந்த நிமிஷத்துல இருந்து அது உன் வால்வு. நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சேம்பாங்க.

மூடிட்டியா? மீட்டர்ல சின்ன முள்ளு நின்னுச்சா? நின்னா சரி. வீட்டுல எல்லாக் குழாயையும் மூடி வெச்சும் அந்த முள்ளு சுத்திச்சுன்னா, எங்கேயோ சுவத்துக்குள்ள, தரைக்குள்ள ஒழுகுதுன்னு அர்த்தம். அதைக் காட்டிட்டு அப்புறம் வாயத் தொற. மந்திரவாதி மந்திரம் போட்ட மாதிரி வாயப் பொளந்துக்கிட்டு நிப்பாங்க.

காகிதம் எல்லாம் சரியா வெச்சிருக்கியா? கம்பெனி பதியற எஸ்எஸ்எம்ல பதிஞ்சியா? தொழில் ஆரம்பிச்சு 30 நாளுக்குள்ள பதியணும். உங்கப்பன் வெச்ச பேர்லயே பதிஞ்சா வருஷத்துக்கு 30 வெள்ளி, வேற பேரு வெச்சா 60. உங்கப்பன் பேரு பாதி விலைதான்னு அரசாங்கமே முடிவு பண்ணிடுச்சு. நீ வெச்சிருக்கிற பேருல ரெண்டு தடவ 'குளோபல்' வருது, அதுக்கு 60 குறைச்சல்தான். அப்புறம் ஸ்பான், தண்ணிச் சேவை ஆணையம். தண்ணிச் சேவைக்குன்னு 2006ல போட்ட சட்டம், 2008 ஜனவரி 1ல இருந்து நடப்புல இருக்கு. பைப்பு போடறவனுக்குப் பெர்மிட்டு வேணும். கட்டுமான எடத்துக்குள்ள கால் வெக்கணும்னா சிஐடிபி பச்சை அட்டை. சிரிக்காத. என் காலத்துல சான்றிதழ்னா ஃபோர்மன் மண்டையில குட்டின வீக்கம்தான், அதைத் தடவிக் காட்டி வேலை வாங்குவோம். இப்ப அந்த வீக்கத்தை எவனும் ஒத்துக்கமாட்டான்.

அடிபட்டா காப்புறுதி குடுக்கிற பெர்க்கேசோவுல சொந்தத் தொழில்காரனுக்குன்னு 2017ல இருந்து சட்டம் இருக்கு. மொதல்ல டாக்சிக்காரங்களுக்கு வந்துச்சு, அப்புறம் நமக்கும். நான் பாத்தப்ப சின்னத் திட்டம் வருஷத்துக்கு 157 வெள்ளி 20 காசு. போடு. கூரைக்குள்ள தண்ணித் தொட்டி பாக்க ஏறுவ. எந்தப் பலகை உளுத்திருக்குன்னு பலகை சொல்லாது. நான் ஒரு தடவ சீலிங்கோட சேர்ந்து வீட்டம்மா சாப்பிட்டுக்கிட்டிருந்த மேசை மேலயே எறங்கினேன். அந்தம்மா மீன் குழம்புக்கும் சேத்து என்கிட்ட காசு புடிச்சிக்கிச்சு.

முதலுக்கு என்ன வழி? சீட்டுக் கட்டி கூட்டு எடுக்கப் போறியாமே. இந்த நாட்டுச் சட்டப் புத்தகத்துல நம்ம தமிழ்ச் சொல்லு ஒண்ணு நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்குது, தெரியுமா? 1971ல போட்ட சட்டம். இங்கிலீஷ்லயும் 'கூட்டு'ன்னே எழுதி வெச்சிருக்கான். நாம குடுத்த கொடை. எதுக்கு எழுதியிருக்கான்னு பாத்தா, அதைத் தடை பண்றதுக்கு. லைட்டுக் கம்பத்துல நம்பர் ஒட்டியிருக்கானே வட்டிக்கார ஆலோங், அவன்கிட்ட போன் பண்ணா அரை மணி நேரத்துல காசு வரும். ரெண்டு நாள் லேட்டாச்சுன்னா கேட்டுல சிவப்புப் பெயின்ட்டும் வரும். அப்புறம் பைப்பு வேலையோட பெயின்ட்டர் வேலையும் சேத்துப் பாக்கணும். சின்னத் தொழிலுக்குக் கடன் குடுக்கிற தெக்குன்ல நம்ம ஆளுங்களுக்குன்னு ஸ்பூமி கடன் இருக்கு, போய்ப் பாரத்தை நிரப்பிட்டுக் காத்திரு. இல்லாட்டி கடனே வேணாம். பைப்பு ரெஞ்சு ரெண்டு, வாள் ஒண்ணு, டெஃப்லான் டேப்பு ஒரு டஜன், ஹார்ட்வேர் கடைத் தவுக்கேகிட்ட நல்ல பேரு. இந்த நாலுல நாலாவதுதான் சம்பாதிக்கக் கஷ்டம். மொத மூணு மாசம் அவன்கிட்ட ரொக்கமாவே வாங்கு, நாலாவது மாசம் அவனே "அப்புறம் குடு பாஸ்"ம்பான்.

கம்பம்னதும் ஞாபகம் வருது. நீயும் கம்பத்துல போய் ஒட்டாத. ஆலோங் நம்பருக்குக் கீழ உன் நம்பர் இருந்தா, ரெண்டு பேரும் கூட்டாளின்னு நெனைப்பாங்க. நகராட்சிக்காரன் வந்து கிழிப்பான், அவராதம் போடுவான். தண்ணி கட்டாகித் திரும்பி வந்த மறுநாள் தாமானுக்குள்ள மோட்டார்ல மெதுவா ஒரு சுத்து போய்ப் பாரு, அதுதான் விளம்பரம். 2020 செப்டம்பர்ல சிலாங்கூர் ஆத்துல எவனோ கழிவைக் கொட்டி, நாலு சுத்திகரிப்பு நிலையத்தை மூடி, பத்து லட்சம் வீட்டுக்கு மேல குழாய் காஞ்சுதே, ஞாபகம் இருக்கா? தண்ணி நின்னப்ப எவனும் நம்மளத் தேடல. திரும்பி வந்தப்பதான் தேடினான். சேறும் காத்தும் சேந்து வந்து வால்வெல்லாம் அடைச்சுக்கிச்சு. ஊரே அரசாங்கத்தைத் திட்டிக்கிட்டு இருந்துச்சு, நான் மட்டும் கும்பிட்டுக்கிட்டு இருந்தேன். வெளிய சொல்லிடாத.

டேப்பை எந்தப் பக்கமாச் சுத்துற? இடது கையா உனக்கு? மரை ஏறுற பக்கமாச் சுத்துடா. எதிர்ப் பக்கம் சுத்தினா, நீ முறுக்க முறுக்க அது அவுந்துக்கிட்டே வரும். உங்க மாமி கோவம் மாதிரி.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். பக்கத்து வீட்டுல போன வாரம் சிங்க் அடைப்பு எடுத்தியாம். எவ்வளவு கேட்ட? ... என்ன சொன்ன? வாயத் தொறந்து சொல்லு. "பாத்துக் குடுங்க." அடப்பாவி! அதைத்தான் நானும் சொன்னேன், ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி.

எனக்கு அப்ப இருபத்தொண்ணு. தோட்டத்தை விட்டு பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்து ஒரு சீனத் தவுக்கேகிட்ட எடுபிடியா நாலு வருஷம் குப்பை கொட்டிட்டு, சொந்தமா எறங்கின மொத வேலை. ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம், ஓய்வு பெற்ற ஒரு பெரியவரு வீடு. அந்தக் காலத்து நாகப் பூச்சு இரும்புப் பைப்பு, உள்ள துரு ஏறி ஏறி, பென்சில் நுழையற அளவுக்குத்தான் ஓட்டை. தண்ணி முனகிக்கிட்டு வரும். காலையில எட்டு மணிக்கு ஆரம்பிச்சேன், நாலு மணிக்கு முடிச்சேன். இருபதடி பைப்பு மாத்தினேன். பெரியவரு குழாயைத் தொறந்து பாத்தாரு, தண்ணி கொட்டுச்சு. "எவ்வளவு தம்பி?"ன்னாரு. நான் தலையச் சொறிஞ்சேன். "உங்களுக்குத் தெரியாததா ஐயா, பாத்துக் குடுங்க"ன்னேன். பாத்தாரு. என்னைப் பாத்தாரு, பைப்பைப் பாத்தாரு, வானத்தைப் பாத்தாரு, கொல்லைப் பக்கம் இருந்த மரத்தைப் பாத்தாரு. கடைசியில பப்பாளி ஒண்ணு குடுத்தாரு. பைப்புக்குப் போட்ட காசு மட்டும் தனியா எண்ணிக் குடுத்தாரு, நல்ல மனுஷன். அந்தப் பப்பாளிய மடியில வெச்சுக்கிட்டு கிள்ளான் பஸ்ல உக்காந்து வந்தேன். பழமும் சரியாப் பழுக்கல.

நமக்குக் கூலி கேக்கறதுக்கு ஏன் இவ்வளவு கூச்சம்னு யோசிச்சிருக்கியா? கிராணி எழுதினதுதான் சம்பளம், தண்டல் சொன்னதுதான் கணக்குன்னு மூணு தலைமுறை கை நீட்டியே நின்னோம். ஆனா கேக்கவே தெரியாத சாதின்னு நெனைச்சுக்காத. 1941ல இதே கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத்துல நம்ம ஆளுங்க வேலையை நிறுத்திட்டு நின்னாங்க. ஆர்.எச்.நாதன்னு ஒருத்தரு முன்னாடி நின்னாரு. சீனனுக்குக் குடுக்கிற கூலி எங்களுக்கும் குடுன்னு கேட்டாங்க, கள்ளுக் கடையை மூடுன்னு கேட்டாங்க. அந்தப் பட்டியல்ல இன்னொண்ணும் இருந்துச்சு. தொரையோ அவரு ஆளுங்களோ எதிர்ல வந்தா சைக்கிளை விட்டு எறங்கி நிக்கணும்னு இருந்த வழக்கம், அதை எடுத்துரு, நாங்க ஏறியே போறோம்னு கேட்டாங்க. வெள்ளைக்காரன் நாதனைப் புடிச்சு இந்தியாவுக்கு அனுப்பிட்டான், பட்டாளத்தையும் எறக்கினான். உன் தாத்தா அப்ப பொடியன், அந்தக் கூட்டத்துல நின்னவரு. அவரு சைக்கிளை விட்டு எறங்கமாட்டேன்னு நின்னாரு. பேரன் நீ, வாடிக்கையாளர் வாசல்ல மோட்டாரை விட்டு எறங்கறதுக்கு முன்னாடியே வெலையக் கொறைக்கிற!

கூச்சமா இருந்தா ஒரு வழி சொல்றேன். வாயால கேக்காத, எழுதிக் குடு. வந்து பாக்கறதுக்கு இவ்வளவு, சாமானுக்கு இவ்வளவு, கைக்கு இவ்வளவுன்னு ஸ்பேனரை எடுக்கறதுக்கு முன்னாடியே போன்ல தட்டி அனுப்பு. அவரு "ஓகே"ன்னு போட்டப்புறம் தொடு. வேலை முடிஞ்சப்புறம் சொல்ற வெலை, எதுவா இருந்தாலும் கொள்ளைதான். தண்ணி பீச்சியடிக்கிறப்ப கடவுளா தெரியற நீ, தண்ணி நின்னதும் திருடனாத் தெரிவ. "ஒரு வாஷரு, ரெண்டு வெள்ளிதானே?"ம்பாங்க. எல்லாரும் அதே வசனம்தான், எந்த ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தான்னு தெரியல. நீயும் வேலையில கள்ளம் பண்ணாத. பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல அஞ்சு வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரைக்கும் உன்மேல வழக்குப் போடலாம். இந்த நாட்டுல அஞ்சு வெள்ளிக்கு ரொட்டி சானாயும் தே தாரேயும் கிடைக்கும், இல்லாட்டி உன் தலை கிடைக்கும்.

அடுக்குமாடிக்குக் கூப்பிட்டா மட்டும் ஜாக்கிரதை. கீழ் வீட்டு சீலிங்ல மஞ்சளா படம் விழுந்திருக்கும், மேல் வீட்டுக்காரன் "என் பாத்ரூம் காஞ்சு கெடக்கு"ம்பான். ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்து வருஷக்கணக்காகியிருக்கும். 2013ல வந்த அடுக்குமாடிச் சட்டம் அதுக்கு ஒரு வழி வெச்சிருக்கு: மாத்தி நிரூபிக்கிற வரைக்கும் தப்பு மேல் வீட்டோடதுன்னுதான் எடுத்துக்கணும். புகார் போனா நிர்வாகம் ஏழு நாளுக்குள்ள வந்து பாக்கணும். இதுக்கு நடுவுல உன்னை நீதிபதியா உக்கார வெப்பாங்க. கீழ் வீட்டுல காப்பி குடுப்பாங்க, குடி. மேல் வீட்டுல மைலோ குடுப்பாங்க, அதையும் குடி. எவன் தப்புன்னு மட்டும் வாயத் தொறக்காத. ஈரம் எங்க இருக்கோ, அதைப் படம் புடிச்சுக் குடுத்துட்டு எறங்கி வந்துரு. நான் ஒரு தடவ உண்மையச் சொல்லித் தொலைச்சேன். அந்த பிளாக்குக்கு மூணு வருஷம் போக முடியல.

சொந்தக்காரங்க கதையை எடுக்கவே வேணாம். "நம்ம பையன்தானே"ன்னு ஆரம்பிப்பாங்க. அத்தை ஒருத்தி, சித்தப்பன் ஒருத்தன், பெரியம்மா மருமகன் ஒருத்தன். ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிடுவாங்க, டூல்ஸ் பெட்டியையும் எடுத்துட்டு வாம்பாங்க. கோழி ரெண்டு துண்டு, தண்ணி ஹீட்டரு மாத்தினது ஒண்ணு. அவங்ககிட்டதான் மொதல்ல வெலை சொல்லிப் பழகணும். சொந்தத்துக்கிட்ட கூசாமக் கேட்டவன் ஊருக்கு முன்னாடி நாக்கு குழற மாட்டான். எவனாயிருந்தாலும் சரி, மாமனாயிருந்தாலும் சரி, கேளு!

ஆச்சா? தண்ணியத் தொற. ஆ... நின்னுடுச்சு. பரவாயில்ல, கை வசமாத்தான் இருக்கு. அடியில தொடைச்சு விட்டுடு, மாமி வழுக்கி விழுந்தா என்னைத்தான் திட்டுவா.

என்ன போன்ல எதோ டிங்குன்னு வருது? நீ அனுப்பினதா? கண்ணாடி எங்க... வந்து பாத்ததுக்கு 30... சாமான் 12... கைக்கு 40... மொத்தம் 82 வெள்ளியா?

மருமவனே. 82ன்னா கொஞ்சம் ஜாஸ்தியாத் தெரியல? இல்ல, நான் சொன்னேன், இல்லேங்கல. அது ஊருக்குச் சொன்னது. வந்து பாத்ததுக்கு 30ங்கிறியே, ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்க? சாயங்காலம் எப்படியும் சும்மா வர்றவன்தானே? அப்படி என்னத்த மாத்திட்ட, ஒரு வாஷரு, ரெண்டு வெள்ளி...

எங்க கெளம்புற? ஏன் திரும்பவும் கேட்டுப் பக்கம் போற? அந்த வால்வு மேல கைய வெக்காத! இரு, இரு, வர்றேன். நின்னு பேசுவோம். கொல்லையில பப்பாளி நல்லாப் பழுத்துக் கெடக்குடா.