விசில் அடிக்காத குக்கரில் ஆப்பிள் கொழுக்கட்டை

செயின்ட் பால், மினசோட்டா
அக்டோபர் கடைசி

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். இரண்டே பேர்தான், மூன்றாவது ஆள் கிடையாது. "குக்கர்ல ஆப்பிள் வெந்துக்கிட்டிருக்கு, அப்புறம் பேசுறேன்" என்று அம்மாவிடம் சொல்லிப் போனை வைத்தேன். அம்மா சித்தியிடம் சொல்ல, சித்தி ஊரெல்லாம் சொல்ல, "ஆறு மாசப் பிள்ளைய எங்க யாருக்கும் சொல்லாம வச்சிருக்கியாடா?" என்று நீ எழுதியிருக்கிறாய். வேகவைத்த ஆப்பிளை வயிற்றுப்போக்குக்கும்தானே கொடுப்போம், அதையாவது முதலில் கேட்டிருக்கலாம்.

விஷயம் இதுதான். ஆப்பிளைக் காம்புப் பக்கமாகக் குடைந்து, விதையை எடுத்துவிட்டு, அடியில் ஓட்டை விழாமல் உள்ளே பூரணம் வைக்க வேண்டும். வெண்ணெய், பிரவுன் சுகர், வால்நட், உலர்ந்த திராட்சை, பட்டைத்தூள், ஒரு கை ஓட்ஸ். மாவுக்குப் பதில் பழம், மற்றபடி பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டையேதான். இந்த ஊர்க்காரர்கள் இதை ஓவனில் முக்கால் மணி நேரம் சுடுவார்கள். எங்கள் வீட்டு ஓவனைத் திறந்தாலே கூரையில் இருக்கும் ஸ்மோக் அலாரம் அலறும் என்பதால் நான் கரன்ட் பிரஷர் குக்கரில் வைக்கிறேன். நீ கல்யாணத்துக்குக் கொடுத்த குக்கரை என்ன செய்தாய் என்று கேட்பாய். அது பத்திரமாக அலமாரியில் இருக்கிறது. முதல் விசிலுக்கே கீழ்வீட்டு அம்மாள் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டார். தீ விபத்து ஒத்திகை என்று நினைத்தாராம்.

புதுக் குக்கரோடு ஒரு புத்தகம் வந்தது. முன்ஜாமீன் மனு மாதிரி எழுதியிருக்கிறார்கள். பொங்கி நுரைத்து, ஆவி போகும் வழியை அடைத்துவிடும் என்பதால் உள்ளே வைக்கக் கூடாதவை என்று ஒரு பட்டியல். அதில் ஓட்ஸ் கஞ்சி இருக்கிறது. ஆப்பிள் கூழும் இருக்கிறது. முழு ஆப்பிளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆக, ஆப்பிள் உருண்டையாக இருக்கும்வரை நான் சட்டத்தை மதிக்கும் குடிமகன். உள்ளே போன பிறகு அது குழைந்தால் குற்றவாளி. எந்த நிமிடத்தில் அது பழமாக இருப்பதை விட்டுவிட்டுக் கூழாகிறது என்பதை மூடிய பாத்திரத்துக்குள் யார் போய்ப் பார்ப்பது? ஓட்ஸ் விஷயம் இன்னும் சிக்கல். தனியாகப் போனால் தடை. ஆப்பிளின் வயிற்றுக்குள் ஒளிந்துகொண்டு போனால்? அத்தானிடம் கேட்டுச் சொல். இத்தனை வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவருக்கு இது ஒரு பெரிய கேஸா! என் வீட்டுக்காரி இதையெல்லாம் கேட்டுவிட்டு, "பேசாம சேமியா பாயசம் வைக்கலாம்" என்றாள். பட்டியலைக் காட்டினேன். நூடுல்ஸ், மக்ரோனி, ஸ்பகெட்டி மூன்றுக்கும் தடை. சேமியா அவற்றின் பங்காளிதானே?

எத்தனை விசில் என்று கேட்டிருந்தாய். விசிலே கிடையாது அக்கா. மூடியைத் திருகினால் ஒரு பாட்டுப் பாடும், அதோடு சரி. உள்ளே ஒரு கப் தண்ணீர், அதன்மேல் கம்பித் தட்டு, தட்டின்மேல் ஆப்பிள். மூன்று நிமிடம் என்று அழுத்தினால் "ஆன்" என்று மட்டும் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பிரஷர் ஏறி, மூடியில் இருக்கும் குட்டி ஊசி மேலே எழும்பிய பிறகுதான் அந்த மூன்று நிமிடத்தை எண்ணவே தொடங்கும். நம் வீட்டுக் குக்கர் முழு அழுத்தத்தில் 121 டிகிரி வரை போகும் என்று நீ பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு நடத்தியிருப்பாய். இது அந்த அளவுக்கு ஏறாது. முடிந்ததும் ஆவியைச் சட்டென்று திறந்துவிட்டால், அழுத்தம் இறங்குகிற வேகத்தில் பழத்துக்குள் இருக்கும் தண்ணீர் கொதித்துத் தோல் வெடித்துவிடும். கூழ், குற்றம், மறுபடி அந்தப் பட்டியல். அதனால் ஊசி தானாக இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். மூன்று நிமிடச் சமையலுக்கு நான் அரை மணி நேரம் காவல் நிற்கிறேன்.

முன்னெச்சரிக்கையாக மேலே ஒரு வளையம் தோல் சீவிவிட்டு, முள்கரண்டியால் நாலு இடம் குத்திவிடலாம். அதைவிட முக்கியம் பழத்தின் ஜாதி. மெக்கின்டாஷ் உள்ளே போனால் பஞ்சாக வரும். ஹனிகிரிஸ்ப் தாங்கும். அது இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் பிள்ளை, 1991இல் வெளிவந்தது. நாலாங்கிளாஸ் பிள்ளைகள் சட்டசபைக்கு எழுதிப் போட்டு 2006இல் அதை மாநிலப் பழமாகவே ஆக்கிவிட்டார்கள். உன் பள்ளிக்கூடத்தில் சொல்லாதே, பெஞ்சு கேட்டு எழுதிப் போடுவார்கள். விலைதான் தாங்காது. நான் வைத்தது ஹரால்சன், பக்கத்து வீட்டு மரத்தில் காய்த்தது. புளிப்பும் கெட்டியுமாக நன்றாக நிற்கிறது. செப்டம்பர் வந்தால் ஆப்பிள் மரம் வைத்திருப்பவர்கள் பை பையாகக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு ஓடிவிடுகிறார்கள், நம் ஊரில் முருங்கைக்காய் கொடுப்பது போல் நின்று பேசக்கூட மாட்டார்கள்.

இந்தக் குளிரில் ஆப்பிள் காய்க்காது என்றுதான் ஒரு காலத்தில் எல்லோரும் சொன்னார்களாம். பீட்டர் கிடியன் என்று ஒரு பிடிவாதக்காரர் 1853இல் மினடோங்கா ஏரிக்கரையில் வந்து குடியேறினார். நட்டதெல்லாம் பனியில் பட்டுப்போக, கையில் மிச்சமிருந்த 8 டாலரையும் மெய்ன் மாநிலத்துக்கு அனுப்பி விதை வாங்கினாராம். அதில் பிழைத்து வந்த ஆப்பிளுக்குப் பெண்டாட்டி பெயரையே வைத்தார்: வெல்தி. அந்த 8 டாலர் போனபோது அந்த அம்மாள் என்ன சொன்னார் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. அத்தான் உன் பெயரைத் தன் ஸ்கூட்டருக்காவது வைத்தாரா?

இந்தக் குக்கரில் எனக்கு உண்மையாகவே ஒரு குறை உண்டு. மூடிக்குள் இருக்கும் ரப்பர் மாதிரியான வளையம் எந்த வாசனையையும் விடாது. முந்தின நாள் சாம்பாரின் பெருங்காயம் மறுநாள் ஆப்பிளில் மணக்கும். வினிகர் விட்டுக் கொதிக்க வைத்தும் போகவில்லை. இனிப்புக்குச் சிவப்பு, குழம்புக்கு நீலம் என்று இரண்டு வளையம் வாங்கியாகிவிட்டது. சைவத்துக்கு ஒரு சட்டி, அசைவத்துக்கு ஒரு சட்டி என்று ஆச்சி அடித்துக்கொண்டபோது எவ்வளவு கேலி செய்தோம்! இப்போது ஆச்சி இருந்திருந்தால் போன் போட்டுச் சொல்லியிருப்பேன். இங்கே அக்டோபரில் சாத்துகிற ஜன்னலை ஏப்ரலில்தான் திறக்கிறார்கள். அடுத்த வீட்டில் என்ன குழம்பு என்பது ஒருவருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு நம் தெருவில் எத்தனை குக்கர் கத்தும்? நான் வெறுத்த சத்தம் அது.

நீல வளையம் வருவதற்கு முன்னாலேயே ஆபீஸில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்து வந்துவிட்டது. பெருங்காய ஆப்பிளைத்தான் கொண்டுபோனேன். பாத்திரம் காலி! கணக்குப் பிரிவில் இருக்கும் பெரியம்மா, "அடியில் ஏதோ ஒரு மசாலா இருக்கிறதே, அது என்ன?" என்று கேட்டுச் செய்முறை எழுதி வாங்கிக்கொண்டார். வீட்டில் செய்து பார்த்துவிட்டு, நான் எதையோ மறைக்கிறேன் என்று இப்போது மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். முதல் நாள் சாம்பார் வைக்க வேண்டும் என்று நேற்று உண்மையைச் சொல்லிவிட்டேன். உடனே நோட்டை எடுத்துவிட்டார். ஆகவே உன் சாம்பார் பக்குவத்தை எழுதி அனுப்பு. "உப்பு வேணுங்கிற அளவு, புளி எலுமிச்சங்காய் அளவு" என்றெல்லாம் எழுதாதே. அவருக்குக் கப், ஸ்பூன் கணக்கு வேண்டும். பெருங்காயம் மட்டும் கால் ஸ்பூனா, அரை ஸ்பூனா என்று அம்மாவைக் கேட்டு எழுது. நீ எப்போதும் கூடப் போடுவாய்.

அன்புத் தம்பி