பூனைக்கும் பிரீமியம்

கே: லண்டனில் இருக்கும் என் மகள் அவளுடைய பாரசீகப் பூனைக்கு மாதாமாதம் இன்சூரன்ஸ் கட்டுகிறாள். எனக்கே பாலிசி கிடையாது! கேட்டால், 'குட்டி போட்டு விற்றால் போட்ட பணம் வந்துவிடும்' என்கிறாள். வருமா?
- ஒரு தாயார், கும்பகோணம்

ப: இன்சூரன்ஸ் கட்டுவதில் தப்பில்லை அம்மா. அந்த ஊரில் மனிதருக்குத்தான் அரசு வைத்தியம், பூனைக்கு இல்லை. 2013-ல் கால்நடை மருத்துவமனைகளில் பத்தில் ஒன்றுதான் பெரிய கம்பெனிகள் கையில் இருந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அது பத்தில் ஆறு! பில் தாங்காமல், சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் ஆணையம் 2024-ல் முறைப்படி விசாரணையே தொடங்கியது.

குட்டிக் கணக்குதான் இடிக்கிறது. பாலிசியின் பொடி எழுத்தை அவளை ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான பாலிசிகளில் பிரசவச் செலவு சேராது. தடுப்பூசியும் அப்படியே. பூனை நடுராத்திரியில் முக்கி, சிசேரியன் ஆனால் முழுப் பணமும் மகள் கையிலிருந்துதான். பாரசீக ஜாதிக்குச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வரும் பரம்பரை நோய் வேறு உண்டு. தாய், தகப்பன் இருவரில் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிகளில் பாதிக்கு வரலாம். மரபணுச் சோதனை செய்யாமல் ஜோடி சேர்ப்பது பாவம், செய்தால் செலவு. இங்கிலாந்தில் 2024 ஜூன் முதல் பூனைக்கு மைக்ரோசிப்பும் கட்டாயம். ஜாதி ஆண்பூனை வீட்டார் கேட்கும் 'மாப்பிள்ளை ஃபீஸ்' தனி. வரதட்சணைக்கு அங்கே தடைச் சட்டம் இல்லை போலும்!

மிச்சம் பிடிக்க ஒரு வழி: டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கி மருந்தை வெளியே வாங்கலாம், பல சமயம் மலிவு. சீட்டு எழுதவும் ஃபீஸ் உண்டு என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.