நசுங்காத எலுமிச்சம்பழம்

ரெடிச், இங்கிலாந்து
மார்ச் 30

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

மக்ரூன் பார்சல் வந்து சேர்ந்தது. பாதி தூளாகத்தான் வந்தது. தூளையும் ஸ்பூன் போட்டுத் தின்று தீர்த்துவிட்டோம் என்று சித்தியிடம் சொல்லுங்கள். அடுத்த முறை அட்டைப்பெட்டிக்குள் இன்னொரு அட்டைப்பெட்டி வைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

போன வாரம் போனில், "என்னடே, புல்லட்டு வாங்கினியே, ஓட்டுதியா, இல்ல துடைச்சு துடைச்சு வச்சிருக்கியா?" என்று கேட்டீர்கள். நான் "ரெண்டும்தான்" என்று சொல்லி நழுவிவிட்டேன். அது பாதி உண்மைதான். நடந்ததை முழுசாகச் சொல்ல போன் தோதுப்படாது, அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஊரைச் சொல்கிறேன். ரெடிச், பர்மிங்ஹாமுக்குத் தெற்கே 15 மைலில் இருக்கிறது. ஒரு காலத்தில் உலகத்துக்கே தையல் ஊசி செய்து அனுப்பிய ஊர். இப்போது ரவுண்டானாவுக்குப் பேர்போனது. அந்த ரவுண்டானாக்களைப் படம் பிடித்து ஒருமுறை காலண்டரே போட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் நமக்கு வேண்டிய செய்தி வேறு. உங்கள் புல்லட்டின் தாய்வீடு இந்த ஊர்தான். 1901-ல் முதல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் இங்கேதான் உருண்டது. 1955-ல் திருவொற்றியூருக்குப் பெண் கொடுத்தார்கள். 1967-ல் இங்கே ஆலையை மூடிவிட்டார்கள். 1977-ல் நம் ஆட்கள் சென்னையில் செய்த புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்ய ஆரம்பித்தார்கள். தாய்வீட்டில் அடுப்பு அணைந்தது, வாக்கப்பட்ட வீட்டில் குடும்பம் தழைத்தது. பழைய ஆலை இருந்த இடத்தில் இன்று ஒரு தொழிற்பேட்டை இருக்கிறது. அதன் பெயரில் மட்டும் என்ஃபீல்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

என் வண்டி 2005 மாடல், 500 சிசி. திருவொற்றியூரில் பிறந்து கப்பலேறி வந்தது. நான் 2016-ல் விமானம் ஏறி வந்தேன். ஆக இந்த நாட்டில் என்னைவிட அது சீனியர். அந்த மரியாதையை அது என்னிடம் எதிர்பார்க்கவும் செய்கிறது.

லைசென்ஸ் எடுத்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மைதானத்தில் கூம்புகளை வைத்து, பரிசோதகர் எட்டுப் போடச் சொன்னார். சிரித்துவிட்டேன். ஆர்டிஓ மைதானத்தில் உங்கள் வண்டியில் போட்டு, நடுவில் காலை ஊன்றித் தோற்றேனே, அதே எட்டு! 8000 கிலோமீட்டர் தள்ளி வந்தும் என்னை விடவில்லை. இந்தமுறை கால் ஊன்றவில்லை.

இனி உப்புக்கு வருகிறேன். உப்பளத்தில் முப்பது வருஷம் கணக்கு எழுதின உங்களுக்கு உப்பைப் பற்றிச் சொல்லித்தர எனக்கு வாயில்லை. ஆனால் நாம் உப்பைச் சோற்றுக்குப் போடுகிறோம், இவர்கள் ரோட்டுக்குப் போடுகிறார்கள். குளிர்காலம் வந்தால் சாயங்காலமே பெரிய லாரி ஒன்று மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு வந்து, கோலப்பொடி தூவுகிற மாதிரி உப்பைத் தூவிக்கொண்டு போகும். குல்ஃபி வண்டிக்காரர் ஐஸில் உப்புப் போடுவாரே, அதே சங்கதி. உப்புப் பட்ட தண்ணீர் லேசில் உறையாது, வண்டி வழுக்காது. இந்த உப்பு கடலில் விளைந்ததும் அல்ல. செஷயர் பக்கம் வின்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் பூமிக்கடியில் 1844-ல் திறந்த சுரங்கத்திலிருந்து வெட்டி எடுக்கிறார்கள். செம்பழுப்பாக, கல்லும் மண்ணும் கலந்து இருக்கும். நம் ஊர் முத்தையாபுரத்து உப்பை ஒரு கை அள்ளிக் காட்டினால் இவர்கள் சர்க்கரை என்பார்கள்.

மனுஷன் எலும்பு உடையாமல் காக்கிற அந்த உப்பு, வண்டியின் எலும்பைத் தின்றுவிடும். குரோமில் புள்ளி விழும், அலுமினியத்தில் வெள்ளையாகப் பூசணம் மாதிரிப் பூக்கும், ஸ்போக்ஸ் முனையில் துரு ஏறும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அந்த லாரியை நான் சைலன்சர் உள்ளளவும் நினைப்பேன்.

ஆகவே இந்த நாட்டில் பைக் வைத்திருப்பவர்கள் இரண்டு ஜாதி. எனக்கு இரண்டிலும் ஒவ்வொருவர் வாய்த்திருக்கிறார்கள்.

இடது பக்கத்து வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனவர். வண்டி டிரையம்ப் பானவில். உங்கள் மருமகள் அவருக்கு 'விளக்கு மாமா' என்று பேர் வைத்திருக்கிறாள். கார்த்திகைக்கு முந்தின நாள் சித்தி குத்துவிளக்கைத் துலக்குவாளே, அதை இவர் ஞாயிறு தோறும் செய்கிறார். மூன்று பல்துலக்கி, ஒரு டப்பா காது குடையும் பஞ்சு, ஆட்டோசால் பாலிஷ் டியூப், தரையில் விரிக்க ஒரு கம்பளம். கம்பளம் அவர் முட்டிக்கு அல்ல, வண்டியின் சக்கரத்துக்கு. ஒருநாள் துடைக்கத் துணி தீர்ந்துவிட்டது என்றார். என் பழைய திருப்பூர் பனியன் இரண்டைக் கொடுத்தேன். கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதை எந்தக் கடையில் வாங்குகிறாய்?" என்று ரகசியம்போலக் கேட்டார். அன்றிலிருந்து நான் பனியனைக் கிழியவிடுவதில்லை. கிழியும் முன்பே அவர் கண் வைத்துவிடுகிறார்.

மழை பெய்தால் வண்டியை எடுக்க மாட்டார். மழை வரும்போல் இருந்தாலும் எடுக்க மாட்டார். இங்கிலாந்தில் இந்தக் கொள்கையோடு ஒருவர் எத்தனை நாள் வண்டி ஓட்ட முடியும் என்று எனக்கு ஒரு சந்தேகம். இங்கே வருஷா வருஷம் எம்ஓடி என்று ஒரு தகுதிச் சோதனை உண்டு. அன்றைக்கு மீட்டரில் எத்தனை மைல் என்று குறித்து, அரசாங்கமே இணையத்தில் போட்டுவிடும். நம்பர் தெரிந்தால் யாரும் பார்க்கலாம். செய்யக்கூடாதுதான், ஆனால் பார்த்துவிட்டேன். போன வருஷச் சோதனைக்கும் இந்த வருஷச் சோதனைக்கும் நடுவில் விளக்கு மாமாவின் வண்டி ஓடியது 9 மைல். சோதனை செய்யும் கடை இங்கிருந்து நாலரை மைல். போக நாலரை, வர நாலரை. அதாவது அந்த வண்டி வெளியே போவதே, தான் வெளியே போகத் தகுதியானது என்று சீட்டு வாங்கி வரத்தான்.

இன்னொருவர் என் வேலையிடத்தில் இருக்கிற அம்மாள். 58 வயது. தினமும் பர்மிங்ஹாமிலிருந்து ஹோண்டாவில் வருகிறார். பனி, மழை, உப்பு எதுவும் கணக்கில்லை. இவர் 'சேத்து அக்கா'. வண்டி என்ன நிறம் என்று ஆபீஸில் பந்தயமே கட்டினோம். ஏப்ரலில் அவர் கழுவியபோதுதான் நீலம் என்று தெரிந்தது. நான் பச்சை என்று கட்டி 5 பவுண்டு தோற்றேன். அக்டோபரில் சாமிக்குச் சந்தனக்காப்பு மாதிரி வண்டி முழுக்கத் துருத்தடுப்பு எண்ணெயைப் பூசுவார், பிறகு ஏப்ரல் வரை தண்ணீர் காட்ட மாட்டார். செயினுக்கு மட்டும் வாரம் தவறாமல் எண்ணெய். "கழுவுகிற நேரத்தில் முப்பது மைல் போகலாமே" என்பது அவர் வாதம்.

போன நவம்பரில் எனக்குப் புத்தி கெட்டது. விளக்கு மாமாவின் பேச்சைக் கேட்டேன். இந்த வண்டி இனித் தெருவில் கால் வைக்காது என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தால் வரியும் இல்லை, இன்சூரன்ஸும் தேவையில்லை. அப்படியே எழுதிக் கொடுத்து, தோட்டத்து மரக்கொட்டகைக்குள் வண்டியை ஏற்றினேன். நான்கு மாதம். வெளியே பனி, உள்ளே நான், புல்லட், ஒரு டேபிள் விளக்கு. மட்கார்டுக்குக் கீழே, ஹெட்லைட் வளையத்தின் உள்பக்கம், என்ஜின் துடுப்புகளின் இடுக்கு என்று யாருமே பார்க்காத இடமெல்லாம் தேய்த்தேன். "சமையலறைப் பாத்திரத்தை ஒருநாளாவது இப்படித் தேய்த்ததுண்டா?" என்று உங்கள் மருமகள் கேட்டாள். வாயைத் திறக்கவில்லை. மாதம் ஒருமுறை விளக்கு மாமா சொன்னபடி ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து அணைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது செய்யாமலிருப்பதைவிட மோசமாம். என்ஜின் நன்றாகச் சூடேறாவிட்டால் உள்ளே கோத்த ஈரம் போகாது. ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் மோர்க்குழம்பு நிறத்தில் நுரை. பிப்ரவரியில் அந்த ஐந்து நிமிஷத்தையும் மறந்துவிட்டேன்.

மார்ச் முதல் ஞாயிறு. வெயில் அடித்தது. இங்கே வெயில் அடித்தால் தெருவே வெளியே வந்து நிற்கும். வரி கட்டி, இன்சூரன்ஸ் போட்டு, வண்டியை வெளியே உருட்டினேன். முகூர்த்தப் பெண் மாதிரி இருந்தது, சித்தப்பா. விளக்கு மாமா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சேத்து அக்கா, ஈவ்ஷாம் பக்கம் பிளம் பூ பார்க்கப் போகலாம் என்று வந்தவர், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஸ்டார்ட் ஆகுமா?"

பட்டனை அழுத்தினேன். 'டிக்' என்றது. பேட்டரி செத்திருந்தது. உதைத்தேன். ஒன்று, இரண்டு, பதினேழு. ஜெர்கினைக் கழற்றி உதைத்தேன், ஸ்வெட்டரைக் கழற்றி உதைத்தேன். ஐந்து டிகிரி குளிரில் பனியனோடு நின்றேன். விளக்கு மாமாவின் பார்வை அந்தப் பனியன் மேல்தான் இருந்தது.

கோளாறு பெட்ரோலில். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதா பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கார்புரேட்டர் வண்டியில் அப்படியே விட்டு வைத்தால் பிசினாகும். சமையலறை மேசையில் பேப்பரை விரித்து கார்புரேட்டரைத் திறந்தேன். கிண்ணத்தில் பச்சையாகப் பாசி மாதிரி படிந்திருந்தது. ஸ்லோ ஜெட் முழுசாக அடைப்பு. விளக்கு மாமா வீட்டுக்கு ஓடி, அவர் பாட்டி காலத்து ஊசிப் பொட்டலத்தைக் கொண்டுவந்தார். ரெடிச் ஊசி! ஊர்ப் பெருமை பேச நல்ல நேரம்தான். ஆனால் ஊசி விட்டால் பித்தளை ஓட்டை அகன்றுவிடும் என்று நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. பழைய கிளட்ச் கேபிளைப் பிரித்து, அதில் ஒரே ஒரு இழையை உருவி, அதை விட்டுக் குத்தினேன். வெளிச்சத்தில் பிடித்தால் ஊசிமுனை அளவுக்கு வானம் தெரிந்தது. அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு, சேத்து அக்காவின் வண்டியிலிருந்து ஒயர் போட்டுப் பேட்டரிக்கு உயிர் கொடுத்து, பட்டனைத் தொட்டேன். தட தட தட. தெருவில் கை தட்டினார்கள்.

மறுவாரம் ஈவ்ஷாம் போனோம். போக வர 35 மைல். டிராக்டர் போகிற ஒரு சந்தில் புகுந்து, நான்கு மாதத் தேய்ப்பு நாற்பது வினாடியில் போயிற்று. என்ன சொல்ல, சந்தோஷமாக இருந்தது. பெண்ணைப் பொட்டிக்குள் வைத்துப் பூட்டிய மாமியார் மாதிரி இருந்திருக்கிறேன் என்று தோன்றியது.

ஆனால் சேத்து அக்காதான் ஜெயித்தார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். திரும்பி வந்ததும் விளக்கு மாமா என் வண்டியைப் பார்த்து, ஆஸ்பத்திரியில் உறவுக்காரரைப் பார்த்த முகத்தோடு உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தார். பின் மட்கார்டைத் தாங்குகிற போல்ட் ஒன்று காணோம் என்று கண்டுபிடித்தவர் அவர்தான். இன்னொன்று கையாலேயே கழன்று வந்தது. புல்லட் போன வழி நட்டு கிடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? அதே வாரம் சேத்து அக்காவின் வண்டி எம்ஓடியில் தோற்றது. சேற்றுக்கு அடியில் பிரேக் குழாய் துருப்பிடித்துப் போயிருந்தது. சேற்றைக் கழுவியிருந்தால் ஜனவரியிலேயே தெரிந்திருக்கும்.

இப்போது நான் வாரம் இரண்டு நாளாவது வேலைக்கு வண்டியில் போகிறேன். உப்பு ரோடு என்றால் வந்ததும் பச்சைத்தண்ணீர் அடித்துவிடுகிறேன். சுடுதண்ணீர் அடித்தால் உப்பு இன்னும் வேகமாகக் கடிக்குமாம். ஞாயிறன்று அரை மணி துடைக்கிறேன், பளபளப்புக்கு அல்ல, நட்டு எண்ண. விளக்கு மாமாவை ஒருநாள் பின்னால் உட்காரவைத்து ஊரைச் சுற்றிக் காட்டினேன். இறங்கியதும் முதல் வேலையாக என் பூட்ஸைத் துடைத்தார்.

பக்கத்தில் சோலிஹல் அருகே தேசிய மோட்டார் சைக்கிள் மியூசியம் இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேலே வண்டிகள், எல்லாம் வைரம் மாதிரி. 2003-ல் அங்கே தீப்பிடித்து நூற்றுக்கணக்கான வண்டிகள் வெந்துபோயின, அதில் நிறைய வண்டிகளைத் திரும்பச் சீர்செய்து வைத்திருக்கிறார்கள். ராயல் என்ஃபீல்டு வரிசைக்கு முன்னால் நின்றபோது உங்கள் வண்டி ஞாபகம் வந்தது. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

போன ஆயுத பூஜைக்குத் தம்பி அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டேங்கில் சந்தனம், குங்குமம், ஹேண்டில்பாரில் சாமந்தி மாலை, குரோமில் உங்கள் முகமே தெரிகிறது. முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். பழம் உருண்டையாக, முழுசாக இருக்கிறது. அதற்கு முந்தின வருஷப் போட்டோவிலும் முழுசாகத்தான் இருந்தது. வண்டி ஒரு அடிகூட நகரவில்லை, இல்லையா? உங்கள் முட்டிவலி எனக்குத் தெரியும். உதைக்க முடியாது, வலது பக்க கியர் தம்பிக்குப் பழக்கமில்லை, எல்லாம் சரி. ஆனால் தம்பிக்கு இருபத்திரண்டு வயது. நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து வாயால் ஓட்டினால் அவன் காலால் ஓட்டுவான்.

பழைய பெட்ரோலை முழுக்க இறக்கிவிடச் சொல்லுங்கள். நம் ஊரில் இப்போது இருபது சதவீதம் எத்தனால், என் பத்துக்கே இந்தப் பாடு. கார்புரேட்டரை மெக்கானிக்கிடம் கொடுங்கள், ஜெட்டில் ஊசி விட வேண்டாம் என்று பக்கத்திலிருந்து சொல்லுங்கள். டயர் இரண்டையும் மாற்றிவிடுங்கள், பணம் நான் அனுப்புகிறேன். பிறகு ஹார்பர் வரைக்கும் ஒரு நடை போய் வரட்டும். உப்புக் காற்று பட்டால் படட்டும்.

வருகிற ஆயுத பூஜைக்கு எலுமிச்சம்பழம் நசுங்கின போட்டோ அனுப்புங்கள்.

சித்திக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்