ஜெர்மனிக்குப் போறவளே, கொஞ்சம் நில்லு

ஏ ஆத்தா, ஜெர்மனிக்கா போறே? மகராசியாப் போயிட்டு வா. டவுனு ஆசுபத்திரியில 12,000 ரூவாய்க்கு நைட் டூட்டி பாத்துட்டு, மாசக் கடைசியில எங்கிட்ட வந்து பஸ்ஸுக்குச் சில்லறை கேக்குறவ போகாம என்ன செய்வே? நாலு வருசம் நர்சிங் படிக்க வாங்குன கடனே இன்னும் அடையல. நான் குறுக்க நிக்கல. ஆனா கெழவி வாய் சும்மா கெடக்குமா?

நீ பாஷை படிக்கிற லட்சணத்தத்தான் தெருவே பாக்குதே. விடியக்காலம் எருமைக்கு வைக்கோல் போடையில "குட்டன் மார்கன்"ங்குறே. அதுவும் தலைய ஆட்டுது. அது பாஸாயிரும், ஒன் பாடுதான் சந்தேகம். ஏ1, ஏ2, பி1, பி2ன்னு படிப்படியாப் போகணுமாம். அவுக ஒன்ன நர்சா ஏத்துக்கிடணும்னா பி2 வேணுமாம். இதெல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. எனக்கு எழுத்துத்தான் தெரியாது, காது நல்லாக் கேக்கும். ராத்திரி ஒன் கூட்டாளிககிட்ட நீ போன்ல பேசுறப்ப, நான் கண்ண மூடிக் கெடக்குறது தூங்குறதுக்கில்ல.

அந்தக் கண்ணாடி ரூம்பு ஏஜெண்டு என்ன சொன்னான்? "பி1 போதும்மா, மிச்சத்த அங்க போய்ப் பாத்துக்கலாம்"னான். போகலாம்தான். ஆனா எறங்குன அன்னைக்கு நீ நர்சு இல்ல தாயி, உதவியாள். ஒன் படிப்பையும் அவுக படிப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்து, இன்னின்னது கொறையுதுன்னு முந்தியே ஒரு ஓலை அனுப்பிருவாக. அந்தக் கொறைய அடைக்க அங்க போய்ப் பயிற்சி எடுக்கணும், இல்ல பரிச்சைக்கு உக்காரணும். பரிச்சையில தவறுனா இன்னும் ஒரே ஒரு தடவதான். அது முடியுற மட்டும் உதவியாள் சம்பளந்தான். இத அவன் சொன்னானா? ஏசி குளிருல மறந்துருப்பான், பாவம்.

வேலையாவது தெரியுமா? இங்க நீ ஊசி போடுவே, சலைன் ஏத்துவே, ரிப்போர்ட்டு எழுதுவே. தொடச்சு விட, பெட்பேன் வைக்க ஆயாம்மா இருக்கா, இல்லாட்டி நோயாளி கூட வந்த சொந்தக்காரி இருக்கா. அங்க ஆயாம்மாவும் நீதான், சொந்தக்காரியும் நீதான். படிச்ச நர்சே குளிப்பாட்டி, பல்லு வெளக்கி, சோறு ஊட்டி விடணும். நரம்பு தேடிக் குத்துறது பெரும்பாலும் டாக்டரு வேலையாம். முழங்காலுக்கு எண்ண தேச்சு விடச் சொன்னா "டூட்டி முடிஞ்சு இப்பத்தான வந்தேன் அப்பத்தா"ன்னு மொணங்குறவ, 90 வயசு ஜெர்மன்காரிய எப்படிப் பொரட்டிப் போட்டுத் தொடைப்பேன்னு பாக்கணும். பழகிக்க. இன்னைக்கே என் முழங்கால்லருந்து ஆரம்பி.

ஜெர்மனின்னு காதுல விழுந்ததும் அந்த மாப்பிள்ள வீட்டுக்காரவுக மறுபடி வந்து, "நகை நட்டெல்லாம் எதுக்குங்க"ன்னாக பாத்தியா? போன வருசம் 40 பவுன் கேட்ட வாய் அது. இப்ப ஒன் விசாதான் அவுகளுக்கு வரதட்சண. கண்ணால காட்டு, கையில குடுத்துராத.

1960கள்ல கேரளத்துப் பொண்ணுக ஆயிரக்கணக்குல, சர்ச்சு அனுப்பி வச்சு, மேற்கு ஜெர்மனிக்குப் போயி நர்சு வேல பாத்தாக. 1970கள்ல அங்க வேல சுருங்கவும், நெறையப் பேருக்குப் பெர்மிட்ட நீட்டிக் குடுக்காம ஊருக்கு அனுப்பிட்டாக. இப்ப அங்க கெழடு கட்டைக பெருத்துப் போச்சு, பாக்க ஆளில்ல. அதான் 2024ல, வேல தெரிஞ்ச இந்தியாக்காரவுகளுக்கு வருசத்துக்கு 20,000 விசாங்குறத 90,000 ஆக்குறோம்னு சொன்னாக. பாசத்துல கூப்புடல, தேவையில கூப்புடுறாக. அத மனசுல வச்சுக்கிட்டுப் போறவ ஏமாற மாட்டா.

சரி, தேவ அவுகளுக்குன்னா காசு யாரு குடுக்கணும்? நியாயமா ஆளெடுக்குற ஏஜென்சிக்கு ஜெர்மன் அரசாங்கமே ஒரு முத்திர குடுக்குது. அத வாங்குனவன் நர்சுககிட்ட ஒத்தப் பைசா வாங்கக் கூடாது, செலவெல்லாம் வேல குடுக்குறவன் தலையில. நம்ம சர்க்காரும் ஒரு கணக்கு வச்சிருக்கு. 1983ஆம் வருசச் சட்டப்படி லைசென்சு வாங்குன ஏஜெண்டு 30,000 ரூவாயும், அதுக்கு 18 சதம் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். கூட்டுனா 35,400. ஒங்கப்பங்கிட்ட அவன் கேட்டது 8 லட்சம். மிச்சம் 7,64,600 ரூவாயும் எதுக்காம்? எருமைக்கும் சேத்தா டிக்கெட்டு போடுறான்?

சர்க்காரோட இ-மைகிரேட்டு வெப்சைட்டுல அவன் பேரு இருக்கான்னு பாருன்னேன். "நாங்க கன்சல்டன்சிங்க"ன்னானாம். லைசென்சு கேட்டா பேர மாத்துறவன், அங்க போயி நீ கூப்புட்டா நம்பரையும் மாத்துவான். ஒரிஜினல் சர்டிபிகேட்டு எதையும் அவன் கையில விட்டு வைக்காத. சென்னையில தமிழ்நாட்டு அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978லருந்து இருக்கு. மொதல்ல அங்க போயி விசாரி. அவுக வாய்ப்பு இருந்தா இருக்கும்பாக, இல்லாட்டி இல்லம்பாக. "இல்ல"ன்னு சொல்ற எடத்த நம்பலாம் ஆத்தா.

ஒங்கப்பன் மேலச்செய்ய அடமானம் வைக்க ஆள் தேடி அலையிறான். பட்டா எம் பேருல இருக்குங்குறது அவனுக்கு மறந்து போச்சு. ஏஜெண்டுக்கு 8 லட்சம் அழ நான் கைநாட்டு வைக்க மாட்டேன். பி2 பரிச்சைக்குக் கட்டுற பணமும், சென்னைக்குப் போய் வர பஸ் காசும் கேளு, சுருக்குப் பையில எடுத்து வச்சிருக்கேன்.